காந்தத்துக்குள் ஓடுவது எது?

காந்தக் குரல், காந்தப் பார்வை, காந்தமாய் இழுக்கும் சிரிப்பு. தமிழில் காந்தம் என்றாலே இழுப்பதுதான். சொல்லைத் தாராளமாகப் புழங்குவதுபோலவே பொருளையும் நாம் தாராளமாகத்தான் புரிந்துவைத்திருக்கிறோம். காந்தம் உலோகங்களை இழுக்கும். அதன் வடதுருவத்தில் நேர்மின்னூட்டம் இருக்கும். பூமிக்குள் பெரிய சட்டகாந்தம் ஒன்று புதைந்து கிடக்கிறது. கம்பிச்சுருளின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் மின்சாரம் வரும். இந்த நான்கில் ஒன்றுகூடச் சரியில்லை.

இவற்றை நம்பும் மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காந்தம் ஓர் அத்தியாயம், மின்சாரம் இன்னோர் அத்தியாயம் என்று பிரித்துப் படிக்கும்போது இரண்டும் வெவ்வேறு சமாச்சாரங்கள் என்றுதான் மனதில் பதியும். உண்மையில் ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு அத்தியாயங்களையும் கடந்துவிடலாம். காந்தவிளைவு எங்கே தெரிந்தாலும் கேளுங்கள்: இங்கே ஓடுவது எது?

## எல்லா உலோகமும் ஒட்டாது

முதலில் கையில் கிடைப்பதைச் சோதித்துப் பாருங்கள். ஒரு சிறு காந்தத்தை ஆணியருகே கொண்டுபோனால் ஒட்டும். செப்புக் கம்பி, அலுமினியத் தாள், தங்கம், வெள்ளி எதுவும் ஒட்டாது. இத்தனைக்கும் இவையெல்லாம் மின்சாரத்தை அருமையாகக் கடத்தும் உலோகங்கள். ஆக, மின்சாரத்தைக் கடத்துவது வேறு, காந்தத்தில் ஒட்டுவது வேறு.

அறை வெப்பநிலையில் பளிச்சென்று ஒட்டுபவை இரும்பு, நிக்கல், கோபால்ட், அப்புறம் இவை கலந்த பல உலோகக் கலவைகள். இப்படி வலுவாக ஈர்க்கப்படும் பொருள்களுக்கு ஃபெரோகாந்தப் பொருள்கள் என்று பெயர். மற்ற பொருள்களுக்குக் காந்தமே தெரியாது என்றில்லை. சில மிக மெலிதாக ஈர்க்கப்படும், சில மிக மெலிதாக விலக்கப்படும். நுட்பமான கருவி இல்லாமல் அது கண்ணுக்குத் தெரியாது. இரும்பு கலந்திருந்தாலும் சிலவகைத் துருப்பிடிக்காத எஃகு காந்தத்தில் ஒட்டாது. இரும்பு அணு இருந்தால் மட்டும் போதாது, அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் முக்கியம் என்பதற்கு இது நல்ல சாட்சி.

ரத்தத்தில் இரும்பு இருப்பதால் காந்தக் காப்பு ரத்தத்தை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்று சொல்லப்படும் கதையும் இங்கேதான் உடைகிறது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, ஆணியில் உள்ள இரும்புபோல ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதில்லை. அது ஃபெரோகாந்தப் பொருளே அல்ல. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியின் புலத்தைப்போல ஏறக்குறைய 30,000 மடங்கு. அதற்குள் படுத்த எவருடைய ரத்தமும் ஒருபக்கமாகத் திரண்டதில்லை.

## புலம் என்றால் என்ன?

காந்தம் ஆணியைத் தொடாமலே இழுக்கிறது. இடையில் கயிறும் இல்லை, கொக்கியும் இல்லை. காந்தம் தன்னைச் சுற்றியுள்ள இடத்தின் இயல்பையே மாற்றிவைத்திருக்கிறது. அப்படி மாறிய இடத்துக்குள் ஆணி வந்தவுடன் விசையை உணர்கிறது. எங்கெல்லாம் அந்த விசையை உணர முடிகிறதோ அந்த இடத்தின் இயல்புக்குக் காந்தப்புலம் என்று பெயர். ஓரிடத்துப் புலத்துக்கு எவ்வளவு என்ற வலிமையும் உண்டு, எந்தப் பக்கம் என்ற திசையும் உண்டு. வலிமையை டெஸ்லா என்ற அலகால் அளக்கிறோம். பூமிப்பரப்பில் அது 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை, அதாவது டெஸ்லாவில் பத்து லட்சத்தில் சில பத்துகள்தான். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா.

காந்தத்தின்மேல் தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவினால் கோடு கோடாக அணிவகுக்கிறது அல்லவா? அதைப் பார்த்துவிட்டுத்தான் காந்தவிசைக் கோடுகள் என்று படம் வரைகிறோம். உலக வரைபடத்தில் அட்சரேகைகள் இருப்பதற்காகக் கடலில் யாரும் கோடு கிழித்துவைக்கவில்லை. இவையும் அப்படித்தான். இரண்டு கோடுகளுக்கு இடையிலும் புலம் இருக்கிறது. கோடுகள் நெருங்கி இருந்தால் புலம் வலுவானது, விலகி இருந்தால் மெலிந்தது. காந்தத்துக்கு வெளியே வடதுருவத்திலிருந்து தென்துருவத்துக்கும், உள்ளே தென்துருவத்திலிருந்து வடதுருவத்துக்குமாக அவை போகின்றன. எங்கும் தொடங்குவதில்லை, எங்கும் முடிவதில்லை. முழு வளையங்கள்.

## 1820: ஒரு கம்பி, ஒரு முள்

மின்சாரமும் காந்தமும் தனித்தனி என்றுதான் அறிவியலாளர்களும் நெடுங்காலம் நினைத்தார்கள். 1820-இல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். கம்பி செம்பாக இருந்தாலும் முள் திரும்பும். மின்னோட்டத்தை நிறுத்தினால் பழைய நிலைக்கே வந்துவிடும். ஓட்டத்தின் திசையை மாற்றினால் முள் எதிர்ப்பக்கம் திரும்பும்.

அந்தக் காலத்தவரை அதைவிடத் திகைக்கவைத்தது வேறொன்று. முள் கம்பியை நோக்கியும் வரவில்லை, கம்பியை விட்டு விலகவும் இல்லை. குறுக்காகத் திரும்பி நின்றது. அதுவரை தெரிந்திருந்த விசைகள் எல்லாம் நேர்க்கோட்டில் இழுப்பவை அல்லது தள்ளுபவை. இதுவோ கம்பியைச் சுற்றிச் சுற்றி வரும் புலம். வலது கையால் கம்பியைப் பிடித்துப் பெருவிரலை மின்னோட்டத்தின் திசையில் நீட்டினால், மடங்கிய மற்ற விரல்கள் புலம் சுற்றும் திசையைக் காட்டும். இதுதான் வலதுகைப் பெருவிரல் விதி.

இந்தப் புலம் எவ்வளவு வலுவானது? 5 ஆம்பியர் ஓடும் நீண்ட நேர்கம்பியிலிருந்து 2 செ.மீ. தள்ளி அளந்தால் 50 மைக்ரோடெஸ்லா. பூமியின் புலம் அளவுக்கு இருக்கிறது, ஆகவே திசைகாட்டி குழம்பிப்போகிறது.

செய்தி பாரிஸுக்குப் போனது. அதே ஆண்டிலேயே ஆந்த்ரே மரி ஆம்பியர், ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இரண்டு இணைக்கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும், எதிரெதிர்த் திசையில் பாய்ந்தால் விலக்கும் என்று காட்டிவிட்டார். அந்த ஆய்வில் இரும்பும் இல்லை, காந்தமும் இல்லை. வெறும் கம்பிகள்தான். நம் கேள்விக்கு முதல் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது: ஓடுவது மின்னூட்டம். ஓடும் மின்னூட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும்.

## இரண்டு முகங்கள்

இப்போது அந்தக் கம்பியை ஒரு வளையமாக வளையுங்கள். சுற்றிலும் உள்ள புலம் முழுவதும் வளையத்தின் நடுவே ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். ஒரு முகத்தின் வழியே புகுந்து மறுமுகத்தின் வழியே வெளியேறும். வெளியேறும் முகம் வடதுருவம், புகும் முகம் தென்துருவம். வளையம் ஒரு குட்டிக் காந்தம் ஆகிவிட்டது.

காந்தத்தை இரண்டாக உடைத்தால் வடதுருவம் ஒரு கையிலும் தென்துருவம் மறு கையிலும் ஏன் வருவதில்லை என்பதற்கும் இந்த வளையமே விடை. கண்ணாடியால் செய்த கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நின்று பார்த்தால் முள் வலஞ்சுழியாகச் சுற்றும். பின்னால் போய் நின்று பார்த்தால் அதே முள் இடஞ்சுழியாகச் சுற்றும். 'எனக்கு வலஞ்சுழி மட்டும் கொடு' என்று கடிகாரத்தை எவ்வளவு மெல்லியதாகச் சீவினாலும் நடக்காது. மின்னோட்டம் இடஞ்சுழியாகத் தெரியும் முகம் வடதுருவம், வலஞ்சுழியாகத் தெரியும் முகம் தென்துருவம். ஒரே சுழற்சியை இரண்டு பக்கம் நின்று பார்ப்பதற்கு வைத்த இரண்டு பெயர்கள் இவை.

வடதுருவம் நேர்மின்னூட்டம் அல்ல என்பதும் இதனால் தெளிவாகும். நேர், எதிர் மின்னூட்டங்களைத் தனித்தனியே பிரித்தெடுக்கலாம். துருவங்களைப் பிரிக்க முடியாது. தனித்த ஒற்றைத் துருவத்தை இதுவரை யாரும் உறுதியாகக் கண்டதில்லை.

## அப்படியானால் இரும்புத் துண்டுக்குள்?

நியாயமான சந்தேகம். சட்டகாந்தத்தில் பேட்டரியும் இல்லை, கம்பியும் இல்லை. அங்கே ஓடுவது எது?

அணுக்களுக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள்தான். எலக்ட்ரான் அணுக்கருவைச் சூழ்ந்து இயங்குவதாலும், அதற்கே உரிய தற்சுழற்சி என்ற இயல்பாலும், ஒவ்வொன்றும் ஒரு மிகச் சிறிய மின்னோட்ட வளையம்போல நடந்துகொள்கிறது. (தற்சுழற்சி என்றதும் பம்பரத்தை நினைக்க வேண்டாம். எலக்ட்ரான் நிஜமாகவே பம்பரம்போலச் சுற்றுவதில்லை. பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். காந்தம்போல நடந்துகொள்ளும், அதுவரை தெரிந்தால் நமக்குப் போதும்.) பெரும்பாலான பொருள்களில் இவை எதிரெதிராக ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். இரும்பு அணுவில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் சில உண்டு. அதோடு பக்கத்து அணுக்களின் காந்தங்களும் ஒரே திசையில் நிற்கவே விரும்புகின்றன. அப்படி ஒரே திசையில் அணுக்கள் திரண்டு நிற்கும் சிறுசிறு பகுதிகளுக்கு டொமைன்கள் என்று பெயர்.

அப்படியென்றால் எல்லா ஆணியும் காந்தமாக இருக்க வேண்டுமே? பழுதான காரைத் தள்ள இருபது பேர் வருகிறார்கள். நாலா பக்கமும் நின்று ஆளுக்கொரு திசையில் தள்ளினால் கார் நகருமா? சாதாரண ஆணியின் நிலை அதுதான். ஒவ்வொரு டொமைனும் வலுவானது, ஆனால் திசைகள் சிதறிக் கிடக்கின்றன. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவரும்போது அதன் திசைக்கு இசைவான டொமைன்கள் வளர்கின்றன, மற்றவை சுருங்குகின்றன. ஆணியே தற்காலிகக் காந்தமாகிறது, அதனால்தான் ஒட்டுகிறது. தென்துருவத்தைக் காட்டினாலும் வடதுருவத்தைக் காட்டினாலும் ஆணி ஒட்டுவது இதனால்தான்.

தேனிரும்பில் டொமைன்கள் எளிதாகத் திரும்பும், எளிதாகவே கலைந்தும் போகும். எஃகில் திரும்புவது கடினம், திரும்பிவிட்டால் கலைவதும் கடினம். நிரந்தரக் காந்தத்துக்கு எஃகும் வேறு சில கலவைகளும் பொருந்துவது அதனால்தான். சுத்தியலால் அடித்தாலும் சூடாக்கினாலும் அணிவகுப்பு குலையும். இரும்பை 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அணுக்களின் அதிர்வில் ஒத்திசைவே உடைந்து, ஃபெரோகாந்தத் தன்மை போய்விடும். இந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர்.

இதுவரை வந்த தூரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடலாம். கம்பியில் ஓடும் மின்னூட்டமும் அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரானும் ஒரே வகைப் புலத்தையே உண்டாக்குகின்றன. மின்காந்தம், நிரந்தரக் காந்தம் என்று இரண்டு வகைக் காந்தவியல் கிடையாது.

## பூமிக்குள் சட்டகாந்தம் இல்லை

பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600-இல் வில்லியம் கில்பர்ட் எழுதினார். அது சரி. ஆனால் பாடநூல் படத்தில் பூமிக்கு நடுவே சட்டகாந்தம் வரைவது, புரியவைப்பதற்காகச் செய்த வசதி மட்டுமே. பூமியின் உள்ளகம் கியூரி வெப்பநிலையைவிடப் பல மடங்கு சூடானது. இரும்பு இருந்தாலும் அங்கே ஃபெரோகாந்தம் நிலைக்காது. அப்புறம் எப்படி? நம் கேள்வியையே கேளுங்கள். வெளிப்புற உள்ளகத்தில் உருகிய இரும்பு ஓடுகிறது. மின்கடத்தியான அந்தத் திரவத்தின் ஓட்டம் மின்னோட்டங்களைத் தாங்கி நிற்க, அவற்றிலிருந்து பிறப்பதே பூமியின் புலம்.

இன்னொரு சின்னத் திருகல். திசைகாட்டியின் வடதுருவம் வடக்கைப் பார்க்கிறது. எதிர்த்துருவங்கள்தானே ஈர்க்கும்? ஆக, பூமியின் புவியியல் வடமுனைக்குப் பக்கத்தில் இருப்பது, காந்தவியல் கணக்கின்படி, ஒரு தென்துருவம்.

## சுருட்டினால் வலிமை

ஒரு வளையத்தின் புலம் சிறியது. நூறு வளையங்களை நெருக்கமாகச் சுற்றினால் எல்லாம் கூடும். அப்படி நீளவாக்கில் சுற்றிய சுருளுக்கு வரிச்சுருள் என்று பெயர். 10 செ.மீ. நீளத்தில் 100 சுற்று, 1 ஆம்பியர் என்றால் நடுவில் ஏறக்குறைய 1.26 மில்லிடெஸ்லா. பூமியின் புலத்தைவிட இருபது மடங்குக்கும் மேல். உள்ளே தேனிரும்புத் தண்டைச் செருகினால் தண்டின் டொமைன்களும் அணிவகுத்துச் சேர, புலம் இன்னும் பல மடங்கு ஏறும். இதுவே மின்காந்தம். 1825-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் முதலில் செய்து காட்டினார். தேவைப்படும்போது இழுக்கும், மின்னோட்டத்தை நிறுத்தினால் விட்டுவிடும். பழைய இரும்பைத் தூக்கும் கிரேனுக்கும் மின்சார மணிக்கும் இந்த 'விட்டுவிடுவது'தான் முக்கியம்.

## ஓடுபவனைப் பக்கவாட்டில் தள்ளுவது

மின்னோட்டம் காந்த முள்ளைத் தள்ளுகிறது என்றால் காந்தமும் மின்னோட்டத்தைத் தள்ள வேண்டும். தள்ளுகிறது, ஆனால் விநோதமாக. நின்றுகொண்டிருக்கும் மின்னூட்டத்தைக் காந்தப்புலம் கண்டுகொள்வதே இல்லை. ஓடினால்தான் விசை. அந்த விசையும் ஓடும் திசைக்குச் செங்குத்து, புலத்துக்கும் செங்குத்து. ஓடுகிறவனை முன்னாலோ பின்னாலோ தள்ளாமல் பக்கவாட்டில் தள்ளுவதுபோல. புலத்துக்கு இணையாகவே ஓடினால் விசை சுழி. இடது கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டுங்கள். சுட்டுவிரல் புலம், நடுவிரல் மின்னோட்டம், பெருவிரல் கம்பி நகரும் திசை. பிளெமிங்கின் இடக்கை விதி இது.

புலத்துக்குள் ஒரு சதுரச் சுருளை வைத்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் மின்னோட்டம் எதிரெதிராக ஓடுவதால் ஒன்று மேலே, மற்றது கீழே தள்ளப்படும். சுருள் சுழலும். அரைச்சுற்றுக்கு ஒருமுறை மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால் நிற்காமல் சுழலும். மோட்டார் தயார்.

## 1831: தலைகீழாகக் கேட்ட கேள்வி

மின்னோட்டம் காந்தத்தை உண்டாக்குமென்றால் காந்தம் மின்னோட்டத்தை உண்டாக்காதா? ஓர்ஸ்டெட்டுக்குப் பிறகு பலரும் இதைத் தேடினார்கள். வலுவான காந்தத்தைச் சுருளுக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஜெனீவாவின் கொலாடன், காந்தம் அளவுக்கருவியின் முள்ளையே நேரடியாகத் திருப்பிவிடக் கூடாது என்று கருவியை அடுத்த அறையில் வைத்திருந்தார். காந்தத்தைச் செருகிவிட்டு நடந்துபோய்ப் பார்ப்பதற்குள் முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. இயற்பியல் வரலாற்றில் இவ்வளவு அநியாயமான துரதிர்ஷ்டம் குறைவு.

1831 ஆகஸ்டில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் தனித்தனிச் சுருள்கள் சுற்றினார். ஒன்றில் பேட்டரி, மற்றதில் அளவுக்கருவி. பேட்டரியை இணைத்த கணத்தில் முள் துள்ளியது. பிறகு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்தும் முள் அசையவில்லை. பேட்டரியைத் துண்டித்தபோது எதிர்ப்பக்கம் துள்ளியது. காந்தப்புலம் இருப்பதால் மின்னோட்டம் வருவதில்லை, அது மாறுவதால் வருகிறது.

ஒரு சுருளின் பரப்பை ஊடுருவிச் செல்லும் மொத்தக் காந்தப்புலத்துக்குக் காந்தப்பாயம் என்று பெயர். பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும், சுற்று மூடியிருந்தால் மின்னோட்டம் ஓடும். இதுவே மின்காந்தத் தூண்டல். மாற்றம் எவ்வளவு வேகமோ அவ்வளவு மின்னழுத்தம். காந்தத்தை நகர்த்தலாம், சுருளை நகர்த்தலாம், சுருளைச் சுழற்றலாம், பக்கத்துச் சுருளின் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கலாம். எந்த வழியானாலும் பாயம் மாறினால் சரி.

## சும்மா கிடைக்காது

தூண்டப்பட்ட மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடும்? தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையில். லென்ஸ் விதி இதைத்தான் சொல்கிறது. சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறியாக வந்து போவதால் பலர் இதை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அத்தியாயத்திலேயே பிடித்த குறி அதுதான். வடதுருவத்தைச் சுருளுக்குள் தள்ளினால் சுருளின் அந்த முகம் வடதுருவமாகித் தடுக்கும். வெளியே இழுத்தால் தென்துருவமாகிப் பிடித்து இழுக்கும். ஒருவேளை உதவி செய்தால்? மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் போதும், காந்தம் தானே வேகமெடுத்து, செலவே இல்லாமல் மின்சாரம் கொட்டும். ஆற்றல் அழிவின்மை விதி அதை அனுமதிக்காது.

டைனமோ பொருத்திய மிதிவண்டியில் விளக்கை எரியவிட்டால் மிதிப்பது கனக்கும். அந்தக் கனம்தான் விளக்கின் வெளிச்சமாகிறது. காந்தங்களை மட்டும் வட்டமாக அடுக்கி ஓயாமல் சுழலும் 'இலவச மின்சார' இயந்திரங்களின் காணொளிகளைப் பார்த்தால், மேசைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தேடுங்கள். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தம் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருக்கிறதே, அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களும் உண்டு. நகராமல் பிடித்துக்கொண்டிருக்க ஆற்றல் செலவாகாது. சுவரில் அடித்த ஆணி படத்தைத் தாங்கி நிற்கிறது, அதற்கு யார் சாப்பாடு போடுகிறார்கள்?

மின்மாற்றி ஃபாரடேயின் அந்த வளையமேதான். மாறுமின்னோட்டம் முதல் சுருளில் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டாம் சுருளிலும் ஓயாமல் மின்னழுத்தம் பிறக்கிறது. முதலில் 1000 சுற்று, இரண்டாவதில் 50 சுற்று என்றால் 240 வோல்ட் ஏறக்குறைய 12 வோல்ட்டாக இறங்கும். பேட்டரியின் நேர்மின்னோட்டத்தைக் கொடுத்தால் தொடக்கத்தில் ஒரு துள்ளல், பிறகு அமைதி. இண்டக்ஷன் அடுப்பில் இரண்டாம் சுருளின் இடத்தைப் பாத்திரத்தின் அடிப்பாகமே பிடித்துக்கொள்கிறது. கம்பி இல்லாத உலோகப் பரப்பில் நீர்ச்சுழிபோல ஓடும் இந்த மின்னோட்டங்களுக்குச் சுழல் மின்னோட்டங்கள் என்று பெயர். அவைதான் பாத்திரத்தைச் சூடாக்குகின்றன.

முடிந்தால் இதைச் செய்து பாருங்கள். தடித்த சுவருள்ள ஒரு செப்புக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, அதற்குள் உரசாமல் போகக்கூடிய வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்றைப் போடுங்கள். செம்பு காந்தத்தில் ஒட்டாது என்று தொடக்கத்திலேயே பார்த்தோம். ஆனாலும் காந்தம் எண்ணெயில் இறங்குவதுபோல மெதுவாக இறங்கும். கீழே விழும் காந்தத்துக்கு முன்னால் பாயம் கூடுகிறது, பின்னால் குறைகிறது. குழாயின் சுவரில் இரண்டு இடத்திலும் வளையமாக மின்னோட்டம் ஓடி, முன்னால் உள்ளது தடுக்க, பின்னால் உள்ளது பிடித்து இழுக்கிறது. காந்தம் இழக்கும் உயரம் குழாயில் வெப்பமாகிறது. அடுத்து, அதே அளவுள்ள இன்னொரு குழாயில் மேலிருந்து கீழ்வரை நீளவாக்கில் ஒரு கீறல் வெட்டிவிட்டு அதே காந்தத்தைப் போடுங்கள். இப்போது முன்னைவிட வேகமாக விழும், ஆனாலும் தடையே இல்லாமல் விழாது. அந்தக் கீறல் எதன் ஓட்டத்தை வெட்டியது, மிச்சமுள்ள தடை எங்கே ஓடும் மின்னோட்டத்தால் வருகிறது என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.